உடைக்க ஐநூறு கப்

"ஐநூறு சைனா கப்பு வேணும்" என்றார் கார்முகில், குரலைத் தாழ்த்தி.

பாத்திரக்கடை தங்கதுரை துடைத்துக்கொண்டிருந்த குக்கரைக் கீழே வைத்தார்.

"ஏன் செயலாளரே, முந்தாநேத்துதான் என் கடை வாசல்ல நின்னுக்கிட்டு சைனா பொருளைத் துரத்துவோம்னு கோஷம் போட்டீங்க. ஆடு பகை, குட்டி ஒறவா?"

"குடிக்கறதுக்கு இல்லய்யா, ஒடைக்கறதுக்கு. வர்ற வெள்ளிக்கெழம விட்டு அடுத்த வெள்ளி, பாலக்கரையில போராட்டம். எலெக்‌ஷன் நேரமாச்சே, வேட்பாளர் பழமலைநாதனே வராரு. மொத கப்ப அவரு கையாலதான் ஒடைக்கறாரு."

கார்முகில் விருத்தாசலம் பீங்கான் சங்கத்தின் செயலாளர். இறக்குமதி வரி குறைந்ததிலிருந்து சீனக் கப்புகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. இங்கே மண்ணுக்கும் எரிபொருளுக்கும் ஆகிற செலவிலேயே, அங்கிருந்து கடல் தாண்டிக் கடைக்கு வந்துவிடுகிறது கப். தொழிற்பேட்டையில் பாதிச் சூளைகள் அணைந்துவிட்டன. கார்முகிலின் சூளையும் இரண்டு மாதமாகச் சும்மா கிடந்தது. மனுஷருக்குக் கோபம் தலைக்கேறி, "சைனா கப்புக்கு வரி போடுற வரைக்கும் என் ஷெட்டுக்குள்ள காலு வைக்க மாட்டேன்" என்று மேடையிலேயே சபதம் செய்துவிட்டார். அன்றிலிருந்து ஷெட்டை மனைவி நீலாவதி பார்த்துக்கொண்டாள். அவர் நாட்டைப் பார்த்துக்கொண்டார்.

"கடையில நாப்பதுதான் கெடக்குது. ஐநூறுன்னா சொல்லித்தான் வரவழைக்கணும்" என்றார் தங்கதுரை. "வெல கொஞ்சம் கூட ஆவும்."

"ஆவட்டும். வெள்ளிக்கெழம காலையில அங்க இருக்கணும், அவ்வளவுதான்."

மதியம் சாப்பாடு போடும்போது நீலாவதி பேச்சை எடுத்தாள்.

"இந்த மாசத்துக்குள்ள ஆர்டரு வரலன்னா, கமலம் அக்காவும் மத்த அஞ்சு பேரும் திருப்பூரு பனியன் கம்பெனிக்குப் போறாங்களாம். அவங்க போயிட்டா நீங்க வரி வாங்கிக் குடுத்து என்னாங்க பிரயோஜனம்? கப்பு செய்ய ஆளுக்கு எங்க போறது?"

கார்முகில் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். அந்த ஆறு பேரும் சூளை கட்டிய நாளிலிருந்து கூட இருப்பவர்கள்.

"போராட்டம் முடியட்டும். எல்லாம் சரியாவும்" என்று கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்.

அதன்பிறகு அவரை வீட்டில் பிடிப்பதே அரிதாகிவிட்டது. கம்மாபுரம், ஸ்ரீமுஷ்ணம் என்று பைக்கிலேயே சுற்றி ஆள் திரட்டினார்.

சொன்னபடி வெள்ளிக்கிழமை காலை பாலக்கரையில் ஐநூறு கப்புகளும் வந்து இறங்கின. கூட்டமும் குறைவில்லை. பழமலைநாதன் முதல் கப்பைச் சாலையில் ஓங்கி அடித்தார்.

"நான் ஜெயிச்சு டெல்லிக்குப் போனா, பேசற மொத பேச்சு இந்த வரியப் பத்தித்தான். அடுத்து சிதம்பரத்துலயும் பண்ருட்டியிலயும் இதே மாதிரி ஒடைப்போம்."

கைதட்டல் அடங்கப் பல நிமிடங்கள் ஆயின. கார்முகிலும் ஒரு கப்பை எடுத்தார். உடைக்கத்தான் எடுத்தார். ஆனால் இருபது வருடப் பழக்கம் விடுமா? விரல் கணு தானாகப் போய்க் கப்பைத் தட்டியது. கீறல் இருந்தால் 'டொக்'கென்று அடைத்துக்கொள்ளும். இது 'டிங்' என்று நீளமாக ஒலித்தது. ஒரு புள்ளி இல்லை, கோணல் இல்லை. திருப்பிப் பார்த்தார். அடியில் சீன எழுத்து. யாரும் கவனிக்காதபோது அதைத் தோள்பைக்குள் போட்டுக்கொண்டு, வேறொரு கப்பை எடுத்து உடைத்தார்.

வெற்றிக் களிப்போடு வீட்டுக்கு வந்தவருக்கு ஒரே ஒரு குறை இருந்தது.

"ஊரே வந்துச்சு. நம்ம கம்பெனி ஆளு ஒருத்தருகூட வரல. செயலாளருக்கு இத விட அவமானம் வேணுமா?"

"எப்பிடிங்க வருவாங்க? சூளைய எரிய வுட்டுட்டு வர முடியுமா?"

"சூளையா? நம்ம சூளையா?"

"ஒரு வாரமா எரியுது. நீங்கதான் ஷெட்டுப் பக்கமே வர மாட்டேன்னுட்டீங்களே. மொத ஆர்டரு அனுப்பியாச்சு, ரெண்டாவதும் வந்துடுச்சு. கமலம் அக்கா திருப்பூரு போவலன்னுட்டாங்க."

கார்முகில் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் செயலாளர் அல்லவா, புத்திமதி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ரொம்ப சந்தோஷம் நீலா. ஆனா ஆர்டரு வந்தா மட்டும் போதாது, தரம் வேணும். இத பாரு" என்று பையிலிருந்த கப்பை எடுத்து நீட்டினார். "சைனாக்காரன் எதிரிதான், இல்லங்கல. ஆனா வேலையப் பாரு. தட்டிப் பாரு. இத்தன வருஷத்துல நம்ம சூளையில இப்பிடி ஒண்ணு வந்துருக்குமா?"

நீலாவதி கப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். முதலில் புன்னகைத்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"என்னாடி சிரிப்பு?"

"ஒரு பார்ட்டிக்கு சைனா எழுத்தோட ஐநூறு கப்பு அவசரமா வேணும்னு தங்கதுரை அண்ணன் கேட்டப்ப, அந்தப் பார்ட்டி நீங்கதான்னு எனக்குத் தெரியாதுங்க" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்த எழுத்த கமலம் அக்காதான் எழுதுனாங்க, சைனா டார்ச் லைட்டு டப்பாவப் பாத்து."