செவலையின் கணுக்கால்

செவலையும் மயிலையும் ரேக்ளா வண்டி இழுக்கும் ஜோடிக் காளைகள். பந்தயத்துக்கு முந்தின நாள் ஓடிப் பழகும்போது செவலை ஒரு குழியில் கால் வைத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் கணுக்கால் வீங்கிப்போனது.

"முதலாளி வரும்போது நொண்டிக் காட்டு. கொஞ்ச நாள் சும்மா நின்னா சரியாயிடும்" என்றது மயிலை.

"நொண்டின்னு பேர் வாங்கச் சொல்றியா? அவர் என்னை நம்பித்தான் பந்தயத்துக்கே பேர் கொடுத்திருக்கார்."

இருட்டின பிறகு முதலாளி வந்து பார்த்தபோது செவலை வலியை அடக்கிக்கொண்டு காலை அழுத்தி ஊன்றி நின்றது. அவர் திருப்தியோடு போய்விட்டார்.

மறுநாள் பாதி தூரம்கூட ஓடவில்லை. அந்தக் கால் முறிந்து செவலை விழுந்தது. வண்டி குடைசாய்ந்தது. முதலாளி ஓடி வந்தார். செவலை அவரை நோக்கித் தலையைத் தூக்கியது. அவர் அதைத் தாண்டிப் போய் மயிலையின் கால்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லவேளை, உனக்கு ஒண்ணும் ஆகல. வேற ஜோடி பாத்துக்கலாம்" என்று அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தார்.

பின்னால் செவலை முனகுவது மயிலைக்குக் கேட்டது. திரும்பினால் அவர் கையை எடுத்துவிடுவாரோ என்று அது அசையாமல் நின்றது.