வரவேற்க ஒரு சொல்

“ஆணா, பெண்ணா? முதல்ல அதைச் சொல்லுங்க. அப்புறம் சொல்லித் தர்றேன்” என்றார் இத்தாலிய மொழி டீச்சர்.

“எங்க வீட்டுக்கு வர்ற ஆள். அவ்வளவுதான்” என்றார் பல் டாக்டர்.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள். ‘நல்வரவு’ என்பதற்கான சொல் பலகையில் இரண்டு விதமாக எழுதியிருந்தது. வருபவர் ஆண் என்றால் ‘பென்வெனூத்தோ’, பெண் என்றால் ‘பென்வெனூத்தா’. ஞாயிற்றுக்கிழமை டாக்டரின் மகளுக்குக் கல்யாணம். மகள் கைப்பிடிக்கப் போகிறவரை வாசலில் நின்று அந்த மொழியில் வரவேற்க வேண்டும். அதற்காகவே அவர் இந்த வகுப்பில் சேர்ந்திருந்தார்.

“பொண்ணு கட்டிக்கப்போறவர்னா மாப்பிள்ளைதானே? ‘ஓ’ போட்டு முடிங்க.”

“மாப்பிள்ளைன்னாலும் அந்தப் பிள்ளைக்கு முகம் சுருங்குது, மருமகள்னாலும் சுருங்குது. ரெண்டும் வேண்டாமாம். இப்பல்லாம் இத்தாலியில அப்படிப்பட்டவங்களுக்கு ‘ஓ’வும் இல்லாம ‘ஆ’வும் இல்லாம, வாயைப் பாதி திறந்து முடிக்கிறாங்களே, போன்ல கேட்டேன். எனக்கு வர மாட்டேங்குது. ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க.”

“அது மொழியே இல்லை டாக்டர். மரத்துப்போற ஊசி போட்ட வாய் பேசுற மாதிரி இருக்கும்.”

“அந்த வாயோடதான் தினமும் பேசிட்டிருக்கேன். எனக்கு நல்லாவே புரியுது.”

“விளையாடாதீங்க. ‘நீங்க வந்ததுல சந்தோஷம்’னு சுத்தி வளைச்சு சொல்லிட்டுப் போங்க.”

“ஊர்ல எல்லாருக்கும் நேரா ஒரு சொல்லு, என் வீட்டுக்கு வர்ற பிள்ளைக்கு மட்டும் சுத்து வழியா? முடியாது.”

“இதெல்லாம் வீட்ல கண்டிச்சு வளர்க்காத கோளாறு.”

“கண்டிச்சாங்க டீச்சர். பெட்டியைத் தூக்கி வாசல்ல வெச்சே கண்டிச்சாங்க.”

டீச்சர் பலகையை அழிக்கத் தொடங்கினார். “இன்னொரு தடவை இதைப் பேசினா நீங்க வகுப்புக்கே வர வேண்டாம்.”

“வரலை.” டாக்டர் எழுந்தார். “இந்த மொழி சொல்லித்தர ஊர்ல வேற ஆள் இல்லாம இல்லை. உங்க வாயால அந்தச் சொல்லைக் கேட்கணும்னுதான் தேடி வந்தேன்.”

“என் வாயில மட்டும் அப்படி என்ன இருக்கு?”

“தொட்டில்ல போட்ட நாள்லேர்ந்து இந்த மொழியில பேசிப் பேசி வளர்த்தது நீங்கதானே சம்பந்தியம்மா? ஞாயித்துக்கிழமை வர்றது உங்க பிள்ளை.”

ஞாயிறன்று டீச்சர் வரவில்லை. வாசலில் நின்று டாக்டரே அந்தச் சொல்லைச் சொன்னார், கொஞ்சம் பிசகிய உச்சரிப்பில்.