புது பம்ப்

"அண்ணா, தண்ணி கட்டிலைத் தொட்டுடுச்சு. படுத்திருக்கிற அம்மாவை நான் எங்கே தூக்கி வைப்பேன்?" போனில் தங்கை கதறினாள்.

"இதோ, பம்ப்பைப் போட்டுப் பார்க்கறேன்மா," என்றார் நகராட்சி இன்ஜினியர். பள்ளத்தில் இருக்கும் அந்தத் தெருவின் வெள்ளத்தை இறைக்க இந்த ஒரு பம்ப்தான் கதி.

பம்ப் அறையில் நின்று ஸ்விட்சை மறுபடி மறுபடி அழுத்தினார். பம்ப் முனகக்கூட இல்லை.

"அதைப் போட்டு ஏன் சார் அழுத்தறீங்க?" என்றார் பக்கத்தில் நின்ற பம்ப் ஆபரேட்டர். "அதுல பழுது எதுவுமே இல்ல. புத்தம் புதுசு."

"அந்தப் பழைய டீசல் பம்ப் எங்கேயாவது கிடக்குமா?"

"புகை கக்குதுன்னு நீங்கதானே பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்தீங்க!"

சுவரில், உலக நாடுகளின் பருவநிலை ஒப்பந்தத்தை முதலில் நிறைவேற்றிய நகராட்சி என்று இன்ஜினியர் விருது வாங்கிய படம் பல்லிளித்தது.

போன் மறுபடி அலறியது. "அம்மாவை மேசை மேல ஏத்திட்டேன். அதுவும் முங்கப்போகுது! பம்ப் எப்பதான் ஓடும்?"

இன்ஜினியர் ஜன்னல் வழியே அண்ணாந்து பார்த்தார். நாள்கணக்கில் கறுத்துக் கிடந்த வானம் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

"இது சோலார் பம்ப்மா," என்றார். "பேட்டரி நேத்தே தீர்ந்துபோச்சு. இனி வெயில் அடிச்சாத்தான் ஓடும்."