சுகிர்தாவின் குருவிகள்

"சார், என் குருவிங்கள மறுபடியும் காணோம்!"

கம்ப்யூட்டர் லேபே சிரித்தது. கூப்பிட்டது யாரென்று தேவராஜன் திரும்பிப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. சுகிர்தாதான்.

உத்திரமேரூரை ஒட்டிய கல்லூரி அது. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருஷத்துக்கு தேவராஜன் புரோகிராமிங் எடுக்கிறார். வருஷ ஆரம்பத்தில், புத்தகத்தைப் பிரிப்பதற்கு முன்னாலேயே எல்லோரையும் கல்லூரிக்குப் பின்னாலிருக்கும் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போய்விட்டார்.

சாயங்கால வானத்தில் பெரிய குருவிக் கூட்டம் ஒன்று புகை மாதிரி சுருண்டது, விரிந்தது, சேலை மடிப்பு போல மடங்கியது.

"இதுக்குத் தலைவன்னு எவனும் கிடையாது. ஒவ்வொரு குருவியும் தன் பக்கத்துல இருக்கறத மட்டுந்தான் பாக்குது. அத இடிக்கக் கூடாது, அது போற பக்கம் போகணும், அத விட்டு ரொம்பத் தள்ளிப் போகக் கூடாது. அவ்வளவுதான். இத கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுத்தா அங்கயும் பறக்கும்" என்றார்.

பறந்தது. மதிய நேரத்தில் ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டால் கறுப்புத் திரைகளில் வெள்ளைப் புள்ளிகள் கூட்டம் கூட்டமாக மிதக்கும். ஃபேன் சத்தம் சிறகடிப்பு மாதிரி கேட்கும். வாயாடிப் பையன்கள்கூட மெய்மறந்து உட்கார்ந்திருப்பார்கள். தேவராஜனுக்கே தூக்கத்தில் நடப்பது போலிருக்கும்.

அதைக் கலைக்கத்தான் தினமும் இந்தக் குரல்.

போய்ப் பார்த்தார். சுகிர்தாவின் குருவிகள் வலது ஓரமாகப் பறந்து போய் மறைந்திருந்தன.

"ஓரத்துக்கு வந்தா திரும்பணும்னு நீ எங்கயுமே எழுதல. எப்படித் திரும்பும்?"

"எந்த எடத்துல எழுதணும் சார்? ஏன் அங்க எழுதணும்? கொஞ்சம் மெதுவா சொல்லுங்க சார்."

சொன்னார். சத்தமாக, இரண்டு தடவை.

"போன டெஸ்ட்ல நீதான் ஃபர்ஸ்ட். லேபுக்கு வந்தா மட்டும் கவனம் எங்க போகுது? பக்கத்துல உண்ணாமலையப் பாரு. ஒரு நாளாவது என்னைக் கூப்பிடறாளா?"

காவாந்தண்டலம் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் உண்ணாமலை தலையை இன்னும் குனிந்துகொண்டாள். சுகிர்தா வெட்கமே இல்லாமல், "சாரி சார்" என்று சிரித்தாள்.

அந்த வாரம் துறைத் தலைவி ஞானசுந்தரி கூப்பிட்டனுப்பினார்.

"சென்னையில ஒரு மாசப் பயிற்சி சார். தங்கறது, சாப்பாடு எல்லாம் அவங்களே. நம்ம காலேஜுக்கு ஒரு இடம். சுகிர்தாவ அனுப்பலாமா?"

"மார்க் இருக்கு மேடம். ஆனா தினம் ஒரு சின்னப்புள்ளத் தப்பு. அங்க போய் நம்ம பேரக் கெடுத்துடுவா. அதே கிளாஸ் கலைச்செல்வன் போகட்டும்."

மறுநாள் லேபில் அதை அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். சுகிர்தாவும் தட்டினாள். அவள் கண் கலங்கியிருந்ததை அவர் கவனிக்கத்தான் செய்தார். பாவமாக இருந்தது. இனிமேலாவது பொறுப்பு வரும் என்று நினைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை.

"சார், என் குருவிங்க எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு நிக்குது சார்!"

அவருக்குச் சலித்துப்போயிற்று.

அடுத்த வாரம் சுகிர்தா காய்ச்சல் என்று லீவு. லேபில் அப்படி ஓர் அமைதி. வெளியே தூறல். உள்ளே திரைக்குத் திரை கூட்டம் மிதந்தது. கூப்பிட ஆளில்லாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக மெல்ல நடந்தார். ஏரிக்கரையிலேயே நடப்பது போலிருந்தது.

கடைசி வரிசையில் ஒரு திரை மட்டும் வெறும் கறுப்பாக இருந்தது. அதன் முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உண்ணாமலை உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, ஒண்ணுமே வரலயா?"

"எர்ரர் வருது சார்."

"எப்பத்துலேர்ந்து?"

"வந்ததுலேர்ந்தே சார்."

"இவ்வளவு நேரம் சும்மாவா உக்காந்திருந்த? கூப்பிட வேண்டியதுதானே?"

அவள் பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"இன்னிக்கு சுகிர்தா வர்ல சார்."

"அவ வரலன்னா உனக்கென்ன?"



"எனக்கு இன்னா தப்பு வருதோ, அதையே அவ மிஷின்லயும் போட்டுக்கினு உங்கள கூப்புடுவா சார். நீங்க அவளுக்குச் சொல்றத கேட்டு நான் சரி பண்ணிக்குவேன்."

 சுகிர்தாவுக்குப் பதிலாகச் சென்னைக்கு அனுப்பிய பெயர் தேவராஜனுக்கு நினைவுக்கு வந்தது. குனிந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"அவள ஏம்மா கூப்பிடச் சொன்ன? நீயே கூப்பிட்டிருக்கலாமே, நான் வரமாட்டேனா?"

"நான் ஒண்ணும் சொல்லல சார், அவளாத்தான் செஞ்சா" என்றாள் உண்ணாமலை. "மொத நாளு நான்தான் சார் உங்கள கூப்புட்டேன். என் எர்ரர எல்லாருக்கும் படிச்சுக் காட்டி நீங்க சிரிச்சீங்க."