குண்டு நாவலின் நெற்றிச் சீட்டு

கிட்ட வந்து உட்காருங்க, சத்தம் போட்டுச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஒரு பள்ளிக்கூட அலமாரியில் குண்டாக ஒரு நாவல் இருந்தது. அதன் நெற்றியில் 'உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டிய நாவல்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். எடுக்கிற பிள்ளையெல்லாம் அதைப் பார்த்ததும், "ஐயோ, பாடமா?" என்று திரும்ப வைத்துவிடும். நின்று நின்று நாவலுக்கு முதுகே விட்டுப்போனது.

ஒருநாள் புத்தகம் அரிக்கிற ராமபாணப் பூச்சி வந்தது. "உன்னைத்தான் யாரும் சீந்தலையே, நானாவது தின்னட்டுமா?"

"தின்னுப்பா, யாரு வேண்டாங்கறா," என்றது நாவல் அலுப்போடு. "உள்ளே வெறும் காகிதம், சப்புன்னு இருக்கும். நெத்தியில பசை இருக்கு பாரு, அங்கேயிருந்து ஆரம்பி."

பூச்சி சீட்டை முழுசாகத் தின்றுவிட்டு, வயிறு முட்டித் தூங்கிப்போனது.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பு மெர்லின் நாவலை எடுத்தாள்.

"பின்னாடி கேள்வி இருக்கான்னு பாருடி. இருந்தா வச்சிரு," என்றாள் கூட வந்தவள்.

கேள்விகள் இருக்கத்தான் இருந்தன. நாவல் அந்தப் பக்கங்களை இறுக்கி ஒட்டவைத்துக்கொண்டு, கதை நடுவில் படகு கவிழ்கிற இடத்தை மெர்லின் முன்னால் விரித்துப் போட்டது.