எட்டுத் தலை

"உங்க பொண்ணு எழுதினதைக் கொஞ்சம் பாருங்க சார்" என்று கணக்கு டீச்சர் ஒரு தாளை மேஜைமேல் தள்ளினார்.

டெய்லர் குனிந்து பார்த்தார். டீச்சர் கூப்பிடுகிறார் என்றதும் கடையை அப்படியே போட்டுவிட்டு, கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு ஓடி வந்திருந்தார்.

வீட்டுப்பாடம் என்னவோ சின்னதுதான். ஒரு காசை இருநூறு தடவை சுண்டி, தலையா பூவா என்று வரிசையாக எழுத வேண்டும். மகள் நேற்றுச் சாயங்காலம் முழுக்கத் துணி வெட்டும் பலகையில் உட்கார்ந்து சுண்டிக்கொண்டே இருந்தாள்.

நடுவில் ஓரிடத்தில் தலை விழுந்தது. மறுபடி தலை. வரிசையாக எட்டுத் தலை!

டீச்சர் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்.

டெய்லர் நேற்றே சொன்னார். இதை ஒருத்தரும் நம்ப மாட்டார்கள், நடுவில் இரண்டு பூவைப் போட்டுவிடு என்று கெஞ்சிக் கூத்தாடிப் பார்த்தார். கேட்டால்தானே! வீட்டில் அவளுக்கு வக்கீலம்மா என்று சும்மாவா பேர் வைத்தார்கள்?

"விழாததை எப்படிப்பா எழுதறது?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

இப்போது அந்த வக்கீலம்மா கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நிற்கிறாள். பொய்க்காரி என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பேராகிவிட்டால் பிள்ளை தாங்குவாளா?

டெய்லரின் கை சட்டைப் பைக்குப் போனது. உள்ளே நாலாக மடித்த காகிதம் ஒன்று, ஆபத்துக்கு இருக்கட்டும் என்று கொண்டுவந்தது.

அதற்குள் டீச்சர் ஒரு கட்டைத் தூக்கி மேஜையில் வைத்தார். மற்ற முப்பத்தொன்பது பிள்ளைகளின் தாள்கள்.

"இதெல்லாம் சுண்டாமலே எழுதினது சார். தலை பூ, தலை பூன்னு மாத்தி மாத்தி. நாலு சேர்ந்தாலே பயந்து மாத்திடறாங்க. முன்னாடி என்ன விழுந்துச்சுன்னு காசுக்கு எப்படித் தெரியும்? அதுக்கு ஒவ்வொரு தடவையும் பாதிக்குப் பாதிதான். இருநூறு தடவை சுண்டினா எங்கயாவது ஆறு, ஏழு சேர்ந்து விழத்தான் செய்யும், எட்டும் விழலாம். நிஜமா சுண்டினது வகுப்பிலேயே இவ ஒருத்திதான்."

அடி என் தங்கமே!

அந்த நேரம் யாராவது டெய்லரின் மார்பை அளந்திருந்தால் இரண்டு அங்குலம் கூடுதலாக வந்திருக்கும். கதவோரம் பார்த்தார். வக்கீலம்மா புருவத்தை உயர்த்தி, 'பார்த்தீங்களா?' என்றாள் சத்தமில்லாமல்.

"வீட்ல யாரு சார் இப்படிப் பழக்கினது?" என்றார் டீச்சர்.

"யாரும் இல்லை டீச்சர். அது அவளுக்குத் தானா வந்தது."

பிள்ளை தன்னைப்போல இல்லை என்பதில் ஒரு தகப்பனுக்கு இத்தனை பெருமை இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

வெளியே வந்து, மகள் செருப்பு மாட்டும் நேரத்தில் காகிதத்தை எடுத்துப் பிரித்தார். நேற்று அவள் முடியாது என்றதும் அவளுக்குத் தெரியாமல் அவரே பென்சிலால் எழுதி வைத்தது. சிக்கல் வந்தால், இதுதான் சரியான தாள், அவள் மாற்றிக் கொடுத்துவிட்டாள் என்று நீட்டுவதற்காக.

நூறு தலை, நூறு பூ. சட்டையின் இரண்டு கைகளைப்போல அளவு துளி மாறாமல்.

ஓரிடத்தில் நாலு தலை சேர்ந்திருந்தது. அதிலும் ஒன்றை அடித்துப் பூவாக மாற்றியிருந்தார்.