பிறந்தநாள் காபி

காலை ஒன்பது மணிக்கு வெர்னா தன் துப்பாக்கிக் கடையைத் திறந்தபோது வாசலில் கோல்பி நின்றிருந்தான்.

பதினெட்டு வயதிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வந்து கைத்துப்பாக்கி கேட்பான். அவள் அவனுடைய ஓட்டுநர் உரிமத்தைப் பார்ப்பாள். “இன்னைக்கா பொறந்தநாள்? நல்லா இரு. ஆனா இருபத்தொண்ணு ஆகாம தரமாட்டேன்” என்பாள். சூடாக ஒரு காபி கொடுத்து அனுப்புவாள்.

இன்று உரிமத்தைப் பார்த்ததும் சிரித்தாள். “அடேங்கப்பா, இருபத்தொண்ணு ஆயிடுச்சு! இனிமே சட்டம் குறுக்க நிக்காது.”

வழக்கமாக அவன் கேட்கும் துப்பாக்கியை மேசைமேல் வைத்தாள். “குண்டு போடாம பெட்டியில பூட்டி, கார் டிக்கியில வச்சுக் கொண்டு போ. வீட்டுல யார் கையிலயும் கொடுக்காதே.”

“வீட்டுல யாரும் இல்ல.”

கோல்பி துப்பாக்கியைத் தொடவில்லை. அவளுக்குப் பின்னால் ஆவி பறந்த காபிக் கெண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னடா, பிடிக்கலையா? வருஷா வருஷம் வந்து என் உசிர வாங்கினியே!”

“எனக்குப் பொறந்தநாள்னு இந்த ஊர்ல உங்களுக்கு மட்டுந்தான் தெரியும், வெர்னா. இதை வாங்கிட்டா, அடுத்த வருஷம் என்ன சாக்கு சொல்லிட்டு வர்றது?”